வேதியியல், கதிரியக்க அவசரநிலைகளுக்கான மருத்துவப் பணியாளர் பயிற்சி

வேதியியல், கதிரியக்க அவசரநிலைகளுக்கான மருத்துவப் பணியாளர் பயிற்சி என்பது நச்சு வாயுக் கசிவு, பூச்சிக்கொல்லி நஞ்சேற்றம், கதிரியக்கப் பொருள் சிதறல், அணு உலை விபத்து ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோரை ஏற்று மருத்துவம் செய்வதற்கு மருத்துவர், செவிலியர், அவசர ஊர்திப் பணியாளர், ஆய்வகப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரை ஆயத்தப்படுத்தும் பயிற்சி ஆகும். இவ்விருவகை விபத்துகளிலும் நோயாளியின் உடலிலும் உடையிலும் ஒட்டியுள்ள பொருள் மருத்துவமனைக்குள் நுழையக்கூடும். சாலை விபத்து, தீ விபத்து போன்றவற்றுக்கான பயிற்சியிலிருந்து இது வேறுபடுவது இதனால்தான்.

இக்கட்டுரை இப்பயிற்சியைத் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள பாபநாசத்தையும் தாமிரபரணி ஆற்றுப் பகுதியையும் முன்வைத்து விளக்குகிறது. (தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள பாபநாசம் வேறு ஊர்.)

பாபநாசமும் தாமிரபரணிப் பகுதியும்

பாபநாசம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி இங்குச் சமவெளியை அடைந்து, சுமார் 128 கி.மீ. நீளப் பயணத்தின் முடிவில் தூத்துக்குடி மாவட்டம் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பாபநாசம் பாபநாசநாதர் கோயிலுக்கும், நீராடும் படித்துறைக்கும், 1944 முதல் இயங்கும் நீர்மின் நிலையத்துக்கும் பெயர் பெற்றது. அருகில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலை அமைத்தனர்.

மலையும் அருவியும் கோயிலும் கொண்ட இவ்வூருக்கும் கதிரியக்க அவசரநிலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். ஆற்றைத் தொடர்ந்து சென்றால் விடை கிடைக்கும். பாபநாசத்துக்குக் கீழே வடக்குக் கோடைமேலழகியான், தெற்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் முதலிய கால்வாய்களால் பாசனம் பெறும் நெல் வயல்களில் பூச்சிக்கொல்லி பயன்படுகிறது. ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் குடிநீர்த் திட்டங்களில் நீரைத் தூய்மையாக்கக் குளோரின் பயன்படுகிறது. ஆறு கடலை நெருங்கும் பகுதியில், சாகுபுரத்தில் எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்யும் ஆலை உள்ளது. தூத்துக்குடியில் அமோனியாவைக் கையாளும் உரத் தொழிற்சாலை 1975 முதல் உள்ளது. பாபநாசத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. தென்கிழக்கே, இராதாபுரம் வட்டத்தில், கூடங்குளம் அணுமின் நிலையம் அமைந்துள்ளது.

இவற்றுள் ஏதேனும் ஒன்றில் விபத்து நேர்ந்தால் தேசியப் பேரிடர் மீட்புப் படை உதவிக்கு வரும். அப்படையின் 4-ஆவது அணி வட தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் உள்ளது. அங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவு. எனவே முதல் சில மணி நேரத்துக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைப் பணியாளர்களும், ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களும், 108 ஊர்தியில் இருப்பவர்களுமே ஆவர். பயிற்சியின் தேவை இந்த இடைவெளியிலிருந்து எழுகிறது.

இரு வேறு வரிசைகள்

இப்பயிற்சியில் கற்றுத் தரப்படுபவற்றுள் முதன்மையானது செயல்களின் வரிசை. வேதியியல் விபத்துக்கும் கதிரியக்க விபத்துக்கும் இவ்வரிசை ஏறக்குறைய தலைகீழானது.

வேதிப்பொருள் உடலில் பட்டவரை முதலில் பொருளிலிருந்து பிரிக்க வேண்டும். உடையைக் களைந்து, நீரூற்றிக் கழுவி, அதன் பின்னரே மருத்துவமனைக்குள் கொண்டு செல்ல வேண்டும். தோலில் உள்ள நஞ்சு ஒவ்வொரு நிமிடமும் உட்புகுகிறது. உடையிலிருந்து ஆவியாகும் நஞ்சு மருத்துவரையும் வீழ்த்தக்கூடும். மூச்சு நின்றவருக்கு மூச்சு அளிப்பது போன்ற உடனடிச் செயல்களைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் கழுவும் இடத்திலேயே செய்வர்.

கதிரியக்கத் தூசி படிந்தவருக்குக் காயம் இருந்தால் முதலில் காயத்தைக் கவனிக்க வேண்டும். குருதிப்பெருக்கை நிறுத்துவதும் அறுவை மருத்துவம் செய்வதும் தூசியை அகற்றுவதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஒருவர் உடலில் படிந்த தூசியிலிருந்து மருத்துவப் பணியாளருக்கு வரும் கதிர்வீச்சு பொதுவாக மிகக் குறைவு. கையுறை, முகமூடி, நீள்கை மேலாடை ஆகியவை தூசி ஒட்டாமல் காக்கப் போதுமானவை. கதிரியக்க உலோகத் துண்டு ஒன்று நோயாளியின் காயத்திலோ பையிலோ இருப்பது விலக்கு. அதைக் கையால் தொடாமல் நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயக் கலனில் இட வேண்டும்.

பயிற்சி பெறாத ஒருவர் இயல்பாகச் செய்யக்கூடியது இதற்கு நேர் எதிரானது. பூச்சிக்கொல்லி நனைந்த உடையோடு வருபவரை அவர் அச்சமின்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்துவார். 'கதிரியக்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் காயம்பட்டவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். முதல் தவறு பணியாளருக்குத் தீங்காகலாம். இரண்டாவது தவறு நோயாளியின் உயிரை வாங்கலாம். எந்தப் பாடத்திட்டமாயினும் இவ்விரு பழக்கங்களையும் மாற்றுகிறதா என்பதே அதன் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.

வேதியியல் அவசரநிலை

இந்தியாவில் இத்துறையின் சிந்தனை 1984 டிசம்பர் 2-3 இரவில் நிகழ்ந்த போபால் பேரழிவிலிருந்து தொடங்குகிறது. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு வெளியேறியது. அரசின் தொடக்கக் கணக்கின்படி 2,259 பேர் உயிரிழந்தனர். பின்னர் இவ்வெண் உயர்ந்தது. நகரின் ஹமீதியா மருத்துவமனைக்கு அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் வந்தபோது, எந்த வாயு, அதற்கு என்ன மருத்துவம் என்பது அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. கண்ணையும் நுரையீரலையும் அறிகுறிக்கு ஏற்பக் கவனிப்பதே அவர்களால் இயன்றது.

இதன் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இல் இடர்மிகு வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளும், 1996-இல் வேதியியல் விபத்து விதிகளும் வந்தன. 1989 விதிகளின்படி பெரும் இடர் கொண்ட ஆலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் வளாகத்துக்குள்ளும், மாவட்ட நிருவாகம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வளாகத்துக்கு வெளியிலும் ஒத்திகை நடத்த வேண்டும். 1996 விதிகள் மாவட்ட நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிய பின், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வேதியியல் பேரிடர் பற்றியும் பெருந்திரள் மருத்துவ ஆயத்தம் பற்றியும் 2007-இலும், அணு மற்றும் கதிரியக்க அவசரநிலை பற்றி 2009-இலும் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

மருத்துவமனைக்கே ஏற்படும் பாதிப்புக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது டோக்கியோ நிகழ்வு. 1995 மார்ச் 20 அன்று சுரங்கத் தொடர்வண்டிகளில் சரின் நச்சு பரப்பப்பட்டபோது, செயின்ட் லூக்கு மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தனர். பெரும்பாலோர் அவசர ஊர்தியில் வரவில்லை. நடந்தும் வாடகை வண்டியிலும் வந்தனர். உடை மாற்றப்படாமலே உள்ளே அனுமதிக்கப்பட்டனர். பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் அம்மருத்துவமனைப் பணியாளர்களுள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் தமக்கும் நச்சு அறிகுறிகள் தோன்றியதாகக் கூறினர். காற்றோட்டம் குறைந்த சிற்றாலயத்தில் பணியாற்றியவர்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

தாமிரபரணிப் பகுதி மருத்துவர்களுக்குச் சரின் முற்றிலும் அயலான நஞ்சு அன்று என்பது பலர் கவனிக்காத செய்தி. வயல்களில் பயன்படும் கரிம பாசுபேட்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் சரினும் ஒரே வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலில் ஒரே நொதியை முடக்குகின்றன. இரண்டிலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. வாய்நீரும் வியர்வையும் பெருகுகின்றன. மூச்சுக்குழல் சளியால் நிறைகிறது. தசைகள் துடித்துப் பின் தளர்கின்றன. இரண்டுக்கும் முதல் மருந்து அட்ரோபின். பெரியவருக்கு 1 முதல் 3 மி.கி. வரை சிரை வழியாகச் செலுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்து, நுரையீரலில் சளி ஒலி நீங்கும் வரை தொடர்வது வழக்கம். கண்மணி விரிவதையோ இதயத் துடிப்பு விரைவதையோ மட்டும் கண்டு மருந்தை நிறுத்தக் கூடாது என்பது புதிய மருத்துவர்களுக்கு வலியுறுத்தப்படும் பாடம். பிராலிடாக்சிம் நொதியை மீட்கும் நோக்கில் உடன் தரப்படுகிறது. பூச்சிக்கொல்லி நஞ்சேற்றத்தில் அதன் பயன் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

வேளாண் ஊர்களின் மருத்துவமனைகளில் பூச்சிக்கொல்லி நஞ்சேற்றம் பழகிய நோய். ஆகையால் வேதியியல் அவசரநிலைப் பயிற்சியை அயல்நாட்டு ஆயுதங்களிலிருந்து தொடங்குவதைவிட, செவிலியர்கள் ஏற்கெனவே கண்ட நோயாளியிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத் தர வேண்டியவை இரண்டே. ஒருவருக்குச் செய்ததை ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் செய்வது ஒன்று. வாசலுக்கு வெளியே உடையைக் களைவது மற்றொன்று. மேலுடைகளைக் களைவதாலேயே உடலில் ஒட்டிய பொருளின் பெரும்பகுதி, பொதுவாக 80 விழுக்காட்டுக்கும் மேல், நீங்கிவிடுகிறது என்பது பல வழிகாட்டி நூல்கள் தரும் மதிப்பீடு. நூறு பேருக்குப் போதுமான அட்ரோபின் மாவட்டத்தில் எங்கெங்கு இருப்பில் உள்ளது என்ற பட்டியலும் பயிற்சியின் பகுதியே.

குளோரினும் அமோனியாவும் வேறு வகை. இவற்றுக்குத் தனி முறிமருந்து இல்லை. தூய காற்று, ஆக்சிசன், மூச்சுக்குழல் விரிப்பி மருந்து, கண்ணை நீரால் நெடுநேரம் கழுவுதல் ஆகியவையே மருத்துவம். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. தரையை ஒட்டிப் பரவி, பள்ளமான இடங்களில் தேங்கும். எனவே காற்று வரும் திசை நோக்கியும் மேட்டை நோக்கியும் நகர வேண்டும். ஆற்றங்கரைப் படித்துறை போன்ற தாழ்வான இடத்தில் கூட்டம் இருக்கும்போது இவ்விதி மேலும் முதன்மை பெறுகிறது. 2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரம் நடந்தபோது பாபநாசம் முதன்மையான நீராடும் இடங்களுள் ஒன்றாக இருந்தது. அத்தகைய நாள்களில் ஊரின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து மருந்து இருப்பைத் திட்டமிட இயலாது. குளோரினை மூச்சிழுத்தவர் தொடக்கத்தில் நலமாகத் தோன்றினாலும் சில மணி நேரத்துக்குப் பின் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆதலால் அறிகுறி உள்ளவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

இவை வெறும் கற்பனை இடர்கள் அல்ல. 2013 மார்ச் 23 அன்று தூத்துக்குடியில் கந்தக டைஆக்சைடு கசிந்ததாகவும் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டதாகவும் மக்கள் புகார் கூறினர். அதன் தொடர்ச்சியாக ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. (தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையால் மீண்டும் திறக்கப்பட்ட அவ்வாலை 2018 முதல் மூடப்பட்டுள்ளது.) 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் இசுடைரீன் கசிவு பலரைக் கொன்றது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மூன்றிலும் மக்கள் உறக்கத்திலோ, உறக்கம் கலைந்த வேளையிலோ இருந்தனர். மருத்துவமனையிலும் அந்நேரத்தில் இரவுப் பணி அல்லது அதிகாலைப் பணியின் குறைந்த ஆட்களே இருப்பர். நண்பகலில் நடத்தப்படும் ஒத்திகைகள் இதைக் காட்டுவதில்லை.

கதிரியக்க அவசரநிலை

கதிர்வீச்சுக்கு உள்ளாதல் ஒன்று, கதிரியக்கப் பொருள் உடலில் ஒட்டுதல் மற்றொன்று. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் அச்சத்தின் பாதி நீங்கும். எக்சு-கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் கதிர்வீச்சுக்கு உள்ளானவர். அவரிடமிருந்து பிறருக்குக் கதிர்வீச்சு வருவதில்லை. அதேபோல் வெளியிலிருந்த ஒரு கதிரியக்க மூலத்தால் கொடிய அளவு கதிர்வீச்சு பெற்றவரைத் தொடுவதாலும் எத்தீங்கும் இல்லை. கதிரியக்கத் தூசி உடையிலும் தோலிலும் படிந்தவரிடமே மாசு அகற்றல் தேவைப்படுகிறது. தூசியை விழுங்கியவர் அல்லது மூச்சிழுத்தவர் மூன்றாவது வகை.

2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்த விபத்து இந்தியாவில் இத்துறைக்கு முதன்மையான பாடமாகும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டு, சந்தையில் பிரிக்கப்பட்டது. அதனுள் இருந்த கோபால்ட்டு-60 துண்டுகள் வெளிப்பட்டன. ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் அம்மாத இறுதியில் இறந்தார். பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இது 4-ஆம் நிலை. விபத்தை முதலில் கண்டது கதிரியக்கமானி அன்று. தோல் கருத்து, முடி உதிர்ந்து, குருதி அணுக்கள் குறைந்து வந்த நோயாளியைக் கண்ட மருத்துவர்களின் ஐயமே அதை வெளிக்கொணர்ந்தது.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987 செப்டம்பரில் நிகழ்ந்ததும் இத்தகையதே. கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுக்கப்பட்ட சீசியம்-137 மூலம் உடைக்கப்பட்டு, ஒளிரும் நீலத் தூள் வீடு வீடாகச் சென்றது. நோயாளிகள் இரு வாரத்துக்கு மேலாகப் பிற நோய்களுக்கான மருத்துவம் பெற்றனர். நான்கு பேர் இறந்தனர். 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது. ஆனால் விளையாட்டரங்கில் வைத்துச் சோதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,12,000 பேர். உண்மையில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அச்சத்தோடு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர் என்பது இவ்வெண்கள் தரும் செய்தி. அவர்களுக்கென மருத்துவமனைக்கு வெளியே தனி இடம் ஒதுக்காவிட்டால் உண்மையான நோயாளி வரிசையின் கடைசியில் நிற்பார்.

பழைய இரும்புக் கடை இல்லாத ஊர் இல்லை. ஆகவே காரணம் தெரியாத தீப்புண், ஒரே கடையில் அல்லது ஒரே வீட்டில் பலருக்கு வாந்தி, சில நாள்களில் முடி உதிர்தல், நிணவணுக்கள் வேகமாகக் குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால் கதிர்வீச்சை ஐயுற வேண்டும் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். அணுமின் நிலையத்துக்கு அருகில் உள்ளவர்களுக்கு மட்டுமே இப்பயிற்சி போதும் என்ற கருத்து மாயாபுரிக்குப் பின் நிற்காது.

பெற்ற கதிர்வீச்சின் அளவை முதல் நாளில் மதிப்பிட இரு எளிய வழிகள் உள்ளன. ஒன்று, வாந்தி தொடங்கிய நேரம். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் 4 கிரேக்கு மேல், ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் என்றால் 2 முதல் 4 கிரே, அதற்குப் பின் என்றால் 1 முதல் 2 கிரே என்பது தோராய அளவு. அச்சத்தாலும் வாந்தி வரும் என்பதால் இதை மட்டும் நம்ப இயலாது. மற்றொன்று, சில மணி நேரத்துக்கு ஒருமுறை குருதி எடுத்து நிணவணுக்களை எண்ணுதல். இதற்கு வேண்டியது சாதாரண ஆய்வகம்தான். குழாயில் நேரத்தைத் தவறாமல் எழுதும் பழக்கம் அதைவிடத் தேவையானது. மருத்துவம் அளிக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 3.5 முதல் 4 கிரே அளவு பெற்றோருள் பாதிப்பேர் இரு மாதத்துக்குள் இறக்கக்கூடும்.

அலகுகள் பற்றிய பாடத்தைப் பலர் சலிப்பூட்டுவதாகக் கருதித் தாண்டிச் செல்கின்றனர். அது தவறு. கதிரியக்கமானியில் '1' என்ற எண் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட்டாக இருந்தால் இயற்கைப் பின்னணியைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அங்கு நாள் முழுதும் நின்று பணிபுரியலாம். 1 மில்லிசீவெர்ட்டாக இருந்தால் அதைப் போல் ஆயிரம் மடங்கு. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஆண்டுச் சராசரியாக அனுமதிக்கப்படும் 20 மில்லிசீவெர்ட்டு அளவை 20 மணி நேரத்தில் எட்டிவிடலாம். திரையின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்காதவர் வீண் பீதியையோ வீண் துணிச்சலையோ உண்டாக்குவார். கருவியைக் கையில் கொடுத்து, அளவு தானாக மாறும்போது என்ன நேர்கிறது என்று பார்க்கச் செய்வதே சிறந்த முறை. தென் தமிழ்நாட்டில் இதற்கு ஓர் இயற்கை வாய்ப்பும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டு கனிமம் இருப்பதால் அங்குப் பின்னணிக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி. இரு இடங்களின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்த பணியாளர் 'பின்னணி' என்ற சொல்லை மறக்கமாட்டார்.

மாசு அகற்றும் வரிசை பின்வருமாறு அமைகிறது. முதலில் உடையை வெளிப்புறம் உள்நோக்கிச் சுருட்டிக் களைந்து, இரட்டைப் பையில் இட்டுப் பெயரும் நேரமும் குறிக்கப்படும். பின் காயங்கள், அடுத்து வாய், மூக்கு, கண், இறுதியில் காயமற்ற தோல் என்ற முறையில் தூய்மை செய்யப்படும். இளஞ்சூட்டு நீரும் வழலையும் போதும். சூடான நீர் தோலின் குருதியோட்டத்தைக் கூட்டும்; அழுத்தித் தேய்த்தால் தோல் கீறி உட்புக வழி உண்டாகும். உட்புகுந்த சீசியத்துக்குப் புருசியன் நீலமும், புளூட்டோனியம் போன்றவற்றுக்கு டிடிபிஏ என்ற மருந்தும் உள்ளன. கோயானியாவில் 46 பேருக்குப் புருசியன் நீலம் தரப்பட்டது.

அயோடின் மாத்திரை

மக்களிடையே மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட மருந்து பொட்டாசியம் அயோடைடு. அணு உலை விபத்தில் வெளிவரும் அயோடின்-131 தைராய்டு சுரப்பியில் சேர்வதை இது தடுக்கிறது. சீசியம், கோபால்ட்டு, வெளிக் கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு இதனால் பயன் இல்லை. உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஒருவேளை அளவு பெரியவர்க்கும் 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கும் 130 மி.கி., 3 முதல் 12 வயது வரை 65 மி.கி., ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32 மி.கி., ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 16 மி.கி. ஆகும். கதிரியக்க அயோடின் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்த 2 மணி நேரத்துக்குள்ளோ உட்கொண்டால் பயன் மிகுதி. 8 மணி நேரம் வரை ஓரளவு பயன் தரும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் முன்னுரிமை பெறுகின்றனர்.

1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் போலந்து அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் வழங்கியது. சோவியத்துப் பகுதிகளில் பல குழந்தைகள் மாசுபட்ட பாலை அருந்தியதால் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் மிகுந்தது. 2011 மார்ச்சில் புக்குசிமா விபத்தின்போது, கழுத்தில் போவிடோன் அயோடின் தடவச் சொல்லும் பொய்க் குறுஞ்செய்தி ஆசிய நாடுகளில் பரவியது. காயத்துக்குத் தடவும் மருந்தால் தைராய்டுக்குப் பாதுகாப்பு இல்லை. அதைக் குடிப்பது தீங்கானது. இதை மக்களுக்குச் சொல்லும் வாய்ப்பு வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியருக்கே உண்டு.

பாபநாசம் கூடங்குளத்தின் அவசரநிலைத் திட்ட வலயத்துக்கு வெகு வெளியே உள்ளது. எனவே அங்கு மாத்திரை வழங்குவதோ மக்களை வெளியேற்றுவதோ முதல் வேலையாக இராது. மேய்ச்சல் பசுக்களின் பால், திறந்த நீர்நிலைகள், கீரை ஆகியவற்றின் மாதிரிகள் எடுக்கப்படும் வரை என்ன உண்ணலாம் என்று மக்களுக்குக் கூறுவதும், வெளியேற்றப்பட்டு வருவோரை ஏற்பதும் அங்குள்ள பணியாளரின் வேலையாக இருக்கும். அயோடின்-131-இன் அரைவாழ்வு 8 நாள். சீசியம்-137-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டு. 'இன்னும் எத்தனை நாள்' என்ற கேள்விக்கு விடை இவ்விரு எண்களைப் பொறுத்தது.

கூடங்குளமும் ஒத்திகைகளும்

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் இந்தியாவுக்கும் சோவியத்து ஒன்றியத்துக்கும் இடையே கையெழுத்தானது. தலா 1000 மெகாவாட் திறனுள்ள முதலிரு உலைகள் 2013 சூலையிலும் 2016 சூலையிலும் தொடர்வினை நிலையை எய்தின. உலை தொடங்கப்பட்ட காலத்துத் திட்டத்தின்படி 16 கி.மீ. சுற்றளவு அவசரநிலைத் திட்ட வலயமாகும். வளாகத்துக்கு வெளியே நிகழும் பணிகளுக்கு மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நெறிப்படி வெளிவளாக ஒத்திகை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தப்பட வேண்டும்.

2011 முதல் இடிந்தகரையை மையமாகக் கொண்டு நடந்த மக்கள் போராட்டத்தின்போது இவ்வொத்திகையே விவாதப் பொருளாயிற்று. 2012 சூனில் நக்கனேரி என்ற சிற்றூரில் முதல் வெளிவளாக ஒத்திகை நடத்தப்பட்டது. ஒரு சிற்றூரில் நடத்தியது வலயம் முழுமைக்கும் போதாது என்று எதிர்ப்பாளர்கள் கூறினர். நெறிமுறைப்படியே நடந்தது என்று அதிகாரிகள் கூறினர். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்து வழங்கிய தீர்ப்பில் 15 கட்டளைகளை விதித்தது. அவசரநிலை ஆயத்தமும் அவற்றுள் இடம்பெற்றது. அணு மின்சாரம் வேண்டுமா என்பதில் ஒருவர் எந்நிலைப்பாடு கொண்டிருந்தாலும், உலை இயங்கும் வரை மருத்துவ ஆயத்தம் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஒத்திகையைப் பற்றி முன்கூட்டியே பேசினால் மக்கள் அஞ்சுவர் என்று மறைப்பதும், ஒத்திகை நடப்பதையே ஆபத்துக்குச் சான்றாகக் காட்டுவதும் பயிற்சிக்கு ஒருசேரத் தடையாகின்றன.

நிலையத்தின் அணுவிஜய் நகரியத்தில் மருத்துவமனை உள்ளது. பெரிய அளவிலான மருத்துவத்துக்கு 1965-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அணுக்கமானவை. நாடு முழுவதும் அணுசக்தித் துறை இருபதுக்கும் மேற்பட்ட கதிரியக்க அவசரநிலை மையங்களை அமைத்துள்ளது.

யாருக்குப் பயிற்சி

மருத்துவருக்கு மட்டும் பயிற்சி அளித்தால் போதாது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஊர்தியின் மருத்துவ உதவியாளரே நோயாளியை முதலில் காண்கிறார். காற்றுத் திசை பார்த்து ஊர்தியை நிறுத்துவது, உடை களையாதவரை மூடிய ஊர்தியில் ஏற்றாமல் இருப்பது ஆகியவை அவரும் ஓட்டுநரும் எடுக்கும் முடிவுகள். வாயிற்காவலர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்தே மருத்துவமனை தூய்மையாக இருப்பதும் மாசுபடுவதும் அமைகின்றன.

பயிற்சிப் பட்டியல்களில் எளிதில் விடுபடுபவர் தூய்மைப் பணியாளர். களையப்பட்ட உடை மூட்டைகளை எடுப்பவர், தரையைக் கழுவுபவர், வாந்தியைத் துடைப்பவர் அவரே. அவர் பெரும்பாலும் ஒப்பந்த முறையில் பணிபுரிபவர் என்பதால் பயிற்சிக்கு அழைக்கப்படாமல் போக வாய்ப்பு மிகுதி. கையுறையும் அளவுமானிப் பட்டையும் மருத்துவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவருக்கும் தேவை. கருவுற்ற பணியாளர்களைக் கதிரியக்க மாசு உள்ள இடத்துக்கு அனுப்புவதில்லை என்பதை முன்கூட்டியே பணிப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சி முறைகள்

வகுப்புரை, மேசை ஒத்திகை, முழு ஒத்திகை என மூன்று நிலைகளில் பயிற்சி நடைபெறுகிறது. மேசை ஒத்திகையில் வரைபடத்தைச் சுற்றி அமர்ந்து, 'மணி 2.40, பத்து பேர் ஆட்டோவில் வந்துள்ளனர்' என்பது போன்ற செய்திகளுக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பர். செலவு இல்லாத இம்முறையில் ஓட்டைகள் விரைவில் தெரிந்துவிடும்: திறவுகோல் யாரிடம் உள்ளது, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும், பெண்கள் உடை மாற்ற மறைப்பு எங்கே. கடைசிக் கேள்வி சிறியதன்று. மறைப்பு இல்லாத இடத்தில் பெண்கள் உடை களைய மறுப்பர். அத்தயக்கம் அவர்கள் உயிருக்கு ஆபத்தாகும். மாற்று உடையாகச் சேலையோ வேட்டியோ போர்வையோ அடுக்கி வைத்திருப்பது மருந்து இருப்புக்கு நிகரான ஆயத்தம்.

பாதுகாப்பு உடையை அணிவதைவிடக் கழற்றுவதே கடினம். இதைப் புரிய வைக்கப் புற ஊதா ஒளியில் ஒளிரும் தூளைப் பயிற்சியாளரின் உடை மேல் தூவி, கழற்றிய பின் இருட்டறையில் விளக்கடித்துப் பார்க்கும் முறை உள்ளது. கழுத்து, மணிக்கட்டு, காதுமடல் ஆகியவற்றில் தூள் மின்னுவதைக் கண்டவர் அடுத்தமுறை விரைந்து கழற்றமாட்டார்.

திருநெல்வேலிப் பகுதியின் வெயில் தனிச் சிக்கல். நீர் புகா உடை வியர்வையையும் வெளியே விடாது. சித்திரை, வைகாசியில் அதை அணிந்து அரை மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர் வெப்ப மயக்கத்துக்கு உள்ளாகலாம். குளிர்நாடுகளின் கையேடுகளில் உள்ள பணிநேர அட்டவணையை அப்படியே எடுத்தாளாமல், ஆள் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, நீர் அருந்தவும் நிழலில் அமரவும் நேரம் ஒதுக்க வேண்டும். இதனால் தேவைப்படும் ஆள் எண்ணிக்கை இரட்டிக்கும்.

கழுவிய நீர்

தாமிரபரணி குடிநீர் ஆறு என்பதால் கழுவிய நீர் எங்குச் செல்கிறது என்ற கேள்வி இப்பகுதியில் தவிர்க்க இயலாதது. பூச்சிக்கொல்லி மேலே பட்ட உழவர் அருகில் உள்ள வாய்க்காலில் இறங்கிக் குளிப்பதும், தெளிப்பானை அதிலேயே கழுவுவதும் இயல்பாக நிகழக்கூடியவை. வேறு நீர் இல்லாதபோது உயிரைக் காக்க வாய்க்காலில் இறங்குவதைத் தடுக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையோ மீட்புக் குழுவோ கழுவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கரையிலிருந்து விலகி, குழாய் அல்லது தொட்டி நீரைப் பயன்படுத்தி, வழிந்த நீரைத் தார்ப்பாய் விரித்த பள்ளத்திலோ கலன்களிலோ சேர்க்க முயல வேண்டும். நீரைச் சேர்க்கும் ஏற்பாடு முடியும் வரை நோயாளியைக் காத்திருக்க வைப்பது தவறு என்பதில் பன்னாட்டு வழிகாட்டிகள் ஒத்த கருத்துடையவை. சேர்க்க இயலாது ஓடிய நீரின் தோராய அளவும் நேரமும் உடனே குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கீழே உள்ள நீரேற்று நிலையங்களை மூடுவதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்களே.